பக்கத்து வீட்டு ரசம்

இனி கேஸ் வராது என்ற பேச்சு பரவியதுமே சுலோசனாவும் அவள் கணவர் தணிகாசலமும் நிறைந்த சிலிண்டர்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிப் போர்வையால் மறைத்தார்கள். மறுவாரம் பக்கத்து வீட்டு மெகருன்னிசா பாத்திரத்தோடு வந்தாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்க்கா. கொஞ்சம் கஞ்சி மட்டும் வச்சுக்கிறேன்."

"எங்க வீட்டிலயும் கேஸ் தீர்ந்துபோச்சும்மா" என்றாள் சுலோசனா.

அப்படிச் சொன்ன பிறகு சமைக்க முடியவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். தாளிக்கிற வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். இருவரும் அவலை நனைத்துத் தின்றார்கள்.

ஒரு மாலை மெகருன்னிசா மீண்டும் கதவைத் தட்டினாள். முகமெல்லாம் கரி.

"மேசையை உடைச்சு அடுப்பு மூட்டினேன்க்கா. நீங்களும் பட்டினியா கிடக்கீங்களேன்னு..." சூடான ரசத்தை நீட்டினாள்.

சுலோசனா தலையைக் குனிந்துகொண்டாள். தணிகாசலம்தான் வாங்கினார். ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"உப்பு கம்மி" என்றார்.