வாயில் வராத பெயர்

“நான் சொல்லி நீ ஆங்னு தலையாட்டினா செல்லாதும்மா. பெட்டி யாருதுன்னு நீதான் வாயத் தொறந்து சொல்லணும்.”

“எங்க வூட்டுக்காரருதுங்க.”

“அவருக்குப் பேரு கெடையாதா?”

திருத்தணி ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். காஞ்சனா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். குமாஸ்தா கோதண்டத்தின் பின்னால், பட்டாளத்திலிருந்து வந்த இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. இரண்டின் மேலும் வெள்ளைச் சாயத்தில் ஏதோ எழுதியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“மலை மேல இருக்கிறவரு பேருதாங்க,” என்றாள் மெதுவாக.

“இந்த ஊர்ல பாதி ஆம்பளைக்கு அவரு பேருதான். இங்க வேற வேற ஆளோட ரெண்டு பெட்டி, ரெண்டுலயும் அவரு பேருதான், ஆளுக்கொரு விதமா!”

“சொல்லித் தொலையேன்டி,” என்றாள் பின்னால் கூடையோடு நின்ற குப்பம்மாள். “என் வெத்தில வாடிக்கினு கீது. உன் புருசன் பர்மாவுல கீறான், அவன் காதுலயா வுழப்போவுது?”

“சொன்னா அவரு ஆயுசு கொறஞ்சிடும்க்கா.”

அவள் அதை நம்பினாள். கல்யாணமான புதிதில் ஒரு தரம் வாய் தவறிச் சொல்லிவிட்டபோது, மாமியார் தாயாரம்மாள் அடுப்பிலிருந்த கரண்டியை எடுத்து அவள் உதட்டில் வைத்தாள். இதே பிளாட்பாரத்தில் அவன் ரயிலேறிய அன்றுகூட, கூட்டத்துக்குள் அவன் முதுகைப் பார்த்தபடியே நின்றாள். கூப்பிட முடியவில்லை. அவன் திரும்பவில்லை.

இப்போது சண்டை முடிந்துவிட்டது. பெட்டி முன்னால் வந்தால் ஆள் பின்னால் வருவான் என்று அவள் நினைத்தாள். பெட்டி வந்த சேதியை நேற்று கிராம முனிசீப் வந்து தாயாரம்மாளைத் தனியாக அழைத்துச் சொல்லிப் போயிருந்தார். இன்று காலை, என்றும் இல்லாத அதிசயமாக, மாமியாரே மருமகள் தலையில் பூ வைத்தாள். பூக்காரி கூடையில் இருந்ததையெல்லாம் வாங்கி வைத்தாள்.

கோதண்டம், கூட வந்து ஜன்னலோரம் நின்றிருந்த தாயாரம்மாள் பக்கம் திரும்பினார். “நீ பெத்தவதானேம்மா? உனக்கு இன்னா வந்துது? நீ சொல்லேன்.”

தாயாரம்மாள் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்தாள்.

“நல்ல குடும்பம்! கட்னவளும் சொல்ல மாட்டா, பெத்தவளும் சொல்ல மாட்டா. நான் இன்னா ஜோசியமா பாக்கறது? சாயங்கால வண்டியில பெட்டியத் திருப்பி அனுப்பிடறேன், போங்க.”

“ஐயோ, வேணாங்க!” காஞ்சனா மாமியாரின் கையைப் பிடித்தாள். “அத்தே, நீயாச்சும் சொல்லு அத்தே. உனக்குத்தான் தோஷமில்லியே. பெட்டி போயிடும் அத்தே.”

தாயாரம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். மருமகளின் வாயை மூடியிருந்த முந்தானையைத் தன் கையாலேயே விலக்கினாள்.

“நீயே சொல்லும்மா,” என்றாள். “இனிமே சொன்னா அவனுக்கு ஒண்ணும் ஆவாது. சொல்லு.”