மூன்றாவது கல்

நகராட்சியும் பேரூராட்சியும் கைகோத்து நடத்திய திட்டத்தில் மிச்சமிருந்தது அன்னமயில் மட்டும்தான். அவளுக்கும் ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டால், தெருவில் படுக்கிறவர் இரண்டு ஊரிலும் இல்லை என்று நாளைக்கு மேடையில் அறிவித்துவிடலாம். ஆனால் அவள் படுப்பது பாலத்தடியில், இரண்டு ஊரும் முட்டுகிற இடத்தில். யார் எல்லைக்குள் இருக்கிறாளோ அவர்கள்தான் வீடு தரவேண்டும். எல்லைக்கல்லைத் தேடி நகராட்சி ஆணையர் செல்வினும் பேரூராட்சிச் செயல் அலுவலர் கமலக்கண்ணனும் முள்ளுக்குள் புகுந்து கால்சட்டையைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். கல் அவளுடைய அடுப்பில் இருந்தது. அதன்மேல் சோற்றுக் குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது.

“இது எங்க நட்டிருந்துச்சும்மா?” என்று கேட்டார் செயல் அலுவலர்.

“யாருக்குத் தெரியும்? சாய்ஞ்சு கெடந்துச்சு, எடுத்துக்கிட்டேன். சோறு வெந்ததும் தர்றேன்யா.”

ஆணையருக்குப் பொறுக்கவில்லை. “குண்டானை இறக்கும்மா.”

அவள் முந்தானையால் பிடித்துத் தூக்கினாள். இருவரும் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கல்லைப் பெயர்த்தார்கள். மற்ற இரண்டு கல்லும் சரிந்து, தீ சிதறியது. கல்லைத் தூக்கும்வரை ஒன்றாகத்தான் தூக்கினார்கள். அப்புறம் அவளை அடுத்த ஊருக்குள் தள்ள, ஒவ்வொருவரும் கல்லைத் தன் ஊர்ப் பக்கம் இழுத்தார்கள். கல் இருவருக்கும் நடுவில் ஆடிக்கொண்டே நின்றது. வியர்வை சொட்டியது. யாரும் விடுவதாக இல்லை.

சுற்றிலும் சேறு. வேகாத சோற்றோடு குண்டானைக் கையில் ஏந்தியபடி அன்னமயில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

“எங்கயாவது சீக்கிரம் வைங்கய்யா, கை சுடுது.”