கொடியசைத்த பிறகுதான் டிபன்

ஒரு கையில் ‘இனிப்பைத் தவிர்ப்போம்’ என்ற அட்டை. இன்னொரு கையில் நன்னாரி சர்பத்.

முத்துநகர் பீச்சில் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நடைக்கு வந்திருந்த அத்தனை பேரும் ஜெயஷீலாவைத்தான் பார்த்தார்கள்.

நடையை நடத்துகிற சங்கத்துக்கு ராஜதுரை தலைவர். ஜெயஷீலா வேலை பார்க்கிற கப்பல் ஏஜென்சிக்கு முதலாளியும் அவரே. கையில் மைக் வேறு இருந்தது. விடுவாரா?

“நல்லாப் பாத்துக்கிடுங்க! நம்ம ஆபீஸ் அம்மாதான். பத்து வருஷமா சுகர். தினம் ஊசி. நாம இங்கன தொண்டை கிழியக் கத்துதோம், அவங்க அங்கன நின்னு சர்பத் குடிக்காங்க!”

கூட்டம் கெக்கலித்துச் சிரித்தது. இரண்டு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

“சார்... கை நடுங்குது...” ஜெயஷீலாவுக்கு நாக்குக் குழறியது.

“வாயைக் கட்டத் தெரியாட்டா எல்லாம் நடுங்கத்தான் செய்யும்.”

விறுவிறுவென்று வந்து தம்ளரைப் பிடுங்கி மணலில் கொட்டினார். “ஒன்ன மாதிரி ஆளுக்குத்தான்மா இந்த நடையே!”

கைதட்டல்.

ஜெயஷீலாவுக்குக் கண் இருட்டியது. வேர்வையில் சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“நடிப்பப் பாரு” என்றார் ராஜதுரை, மைக்கிலேயே.

அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. ராஜதுரை சால்வையோடு ஓடினார். கூட்டமும் பின்னாலேயே போனது.

சர்பத் கடை மாசானம் மட்டும் இன்னொரு தம்ளரோடு வந்தார். ஜெயஷீலாவைத் தோளில் தாங்கித் தன் குடை நிழலுக்குக் கூட்டிப்போனார்.

“முழிச்சிக்கிட்டே இருங்கம்மா. மெதுவாக் குடிங்க. என் வீட்டுக்காரிக்கும் இப்படித்தான், திடீர்னு சீனி இறங்கிரும்.”

குடித்தாள். கால்மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது.

“காலையில ஒண்ணும் சாப்பிடலையாம்மா?”

“ஆறரைக்கு நடை, ஏழு மணிக்கு டிபன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தது அண்ணாச்சி. அதை நம்பி வீட்டுலயே ஊசியப் போட்டுட்டு வந்தேன். பையில கெடந்த மிட்டாயும் எட்டு மணிக்கே தீந்துட்டு. இப்ப மணி ஒம்பது. விருந்தாளி வந்து கொடியசைச்ச பிறகுதான் டிபனாம்.”

“வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான?”

“சார்ட்டயே கேட்டேன். ‘ஒரு நாள் பசி பொறுக்க மாட்டியோ’ன்னாரு.”

மாசானம் மேடைப் பக்கம் பார்த்துக் காறித் துப்பினார். “இந்த லட்சணத்துல இவனுவளுக்கு ஒரு பேனரு!”

அப்போது ராஜதுரையின் டிரைவர் பாலகணேஷ் வேகமாக வந்தான். மேடையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

“இட்லிக்கா. சீக்கிரம் சாப்பிடுங்க.”

ஜெயஷீலா அவசரமாகப் பிரித்தாள். ஒரு வாய் வைத்ததும்தான் யோசனை வந்தது.

“ஏது தம்பி இது? சாருக்கு வாங்கினதா?”

“ஆமாக்கா. கார்ல இருந்து எடுத்தேன்.”

அவள் கை நின்றுவிட்டது. மேடையில் ராஜதுரை வெயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“பாவம், அவரும் காலையில இருந்து அலையுதாரே. அவருக்கு வேண்டாமா?”

“நீங்க ஒரு ஆளு! ரெண்டு பொட்டலம் வாங்கினோம். ஏழு மணி அடிக்கதுக்குள்ள கார்ல ஏசியப் போட்டுக்கிட்டு ஒண்ணக் காலி பண்ணிட்டுத்தான் எறங்கினாரு.”

பாலகணேஷ் குரலைத் தாழ்த்தினான்.

“வெளியில சொல்லிராதீங்கக்கா. அவருக்கும் சுகர். ஊசி போட்டுட்டு வெயில்ல நின்னா நேரந்தவறாமச் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்காராம்.”