பலகையில் ஒட்டப்படும்

சகல சீவராசிகளின் கவனத்துக்கும்: 1974ஆம் ஆண்டு, புங்குடுதீவில், மனித மனம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் திருவாளர் ஆழ்வாப்பிள்ளை அவர்கள்.

"1969ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒன்பதாம் திகதி நான் இந்தத் தலைவர் கதிரையில் அமர்ந்த நாள் முதலாய்..." என்று அவர் தொடங்கியதும், எதிரே நின்ற ஊழியர்கள் பதினான்கு பேரின் உதடுகளும் கூடவே அசைந்தன. எந்தப் பேச்சையும் அவர் அந்தத் திகதியில்தான் தொடங்குவார். போன மாதம் மண்ணெண்ணெய்ப் பீப்பா ஒழுகியதைப் பற்றிய பேச்சும் அப்படித்தான் தொடங்கியது.

முக்கால் மணி நேரப் பேச்சின் சாரம் இவ்வளவுதான். ஊழியர் மருத்துவக் காப்புறுதியில் இதுவரை காய்ச்சலும் கைகால் முறிவுமே இருந்தன. இனி மனவருத்தம் என்கிற மனநோயும் சேரும். ஆஸ்பத்திரியில் தங்கினால் செலவும் உண்டு, சம்பளத்தோடு லீவும் உண்டு.

பின்னால் நின்ற சரவணமுத்து அழுதுகொண்டிருந்தார். சங்கக் கடையில் அரிசி நிறுப்பவர் அவர்.

"பாருங்கோ, நன்றிக் கண்ணீர்!" என்று தலைவர் விரல் நீட்டினார்.

சரவணமுத்து மூன்று மாதமாக அரிசி நிறுக்கும்போதும் அழுதுகொண்டுதான் இருந்தார். தலைவருக்கு அது தெரியாது. அவர் அரிசிக்கு ஆளனுப்புகிறவர்.

கூட்டம் கலைந்ததும் காரியதரிசி ஐயாத்துரை தலைவரின் அறைக்குள் போய்த் தலையைச் சொறிந்தார். "எல்லாரும் விண்ணப்பம் தந்தால் காப்புறுதிக்காரன் தவணைக் காசைக் கூட்டிப்போடுவான், ஐயா."

"உமக்கு விளங்காது, ஐயாத்துரை. எட்டாம் விதியை வாசியும். விண்ணப்பம் தந்தவன்ரை பேர் அண்டைக்கே அறிவித்தற் பலகையிலை ஒட்டப்படும். ஒரு மாசம் கிடக்கும். விசர், பைத்தியம் எண்டு பேர் ஏறின வீட்டிலை ஆர் சம்பந்தம் செய்வான்? ஒருத்தனும் வரமாட்டான். புதன்கிழமை பேப்பர்க்காரர் என்னைப் படமெடுக்க வருகினம். எனக்கு அது போதும்."

தட்டி மறைப்புக்கு அப்பால் தட்டெழுத்துச் சத்தம் சட்டென்று நின்றது. அங்கே இருந்தவள் எழுதுவினைஞர் இராசேஸ்வரி. அவள் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனாள்.

"அண்ணை, டொக்டர் என்ன சொன்னவர்?"

"மூண்டு கிழமை ஆஸ்பத்திரி வாட்டிலை நிக்கட்டாம். இப்பிடி நித்திரை இல்லாமல் இருக்க ஏலாதாம்." சரவணமுத்து படிவத்தைத் தொடவில்லை. "மடத்துவெளியார் வாற தையிலை என்ரை பிள்ளையைக் கலியாணம் செய்ய நிக்கினம், தங்கச்சி. அவை அரிசி வாங்க வாறதும் அந்தப் பலகையைத் தாண்டித்தான். சம்பளமில்லாமல் லீவெடுத்தால் அடுப்பெரியாது. விடு, நான் இப்பிடியே கிடக்கிறன்."

"நீங்கள் நிரப்பித் தாங்கோ. பலகை என்ரை பொறுப்பு."

செவ்வாய்க்கிழமை காலை அவள் தலைவரின் மேசையில் ஒரு கட்டுக் கடதாசியை வைத்தாள். மேலே இருந்தது லொறிச் சாரதி மரியநாயகத்தின் விண்ணப்பம். அடுத்தது துணிப்பகுதிப் பரிமளத்தினுடையது. அதற்கடுத்தது காவலாளி யாகப்பு, கைநாட்டு. தலைவர் கடைசிவரை எண்ணினார். பதினான்கு.

"என்ன பிள்ளை இது? சங்கம் முழுக்க விசரோ?"

"எனக்கும்தான், ஐயா. நடுவிலை கிடக்கு. எட்டாம் விதிப்படி இண்டைக்கே ஒட்ட வேணும், பசை கிண்டி வைச்சிட்டன். நாளைக்கு உங்களைப் படமெடுக்கிறதும் அந்தப் பலகைக்கு முன்னாலைதானே?"

தலைவர் அந்தப் படத்தை மனக்கண்ணால் பார்த்தார். தான் கண்டுபிடித்த மனத்தை அவர் பாவித்தது அதுவே முதல் தடவை. கழுத்தில் மாலை; தலைக்கு மேலே பதினான்கு விசர்ப் பெயர்கள்.

"ஐயாத்துரை! எட்டாம் விதியை வெட்டும்! இப்பவே வெட்டும்! இனி விண்ணப்பமெல்லாம் இரகசியம், உறையிலை போட்டு ஒட்டித்தான் அனுப்ப வேணும்!"

ஐயாத்துரை வெட்டினார். தலைவர் ஒப்பமிட்டார், போதாதென்று முத்திரையும் குத்தினார்.

இராசேஸ்வரி கட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அப்ப சரி, ஐயா. பதின்மூண்டு பேருக்கு இப்பவே சுகம் வந்திடும், தங்கடை விண்ணப்பத்தைத் திருப்பி வாங்குவினம். மிச்சம் ஒண்டை நான் தபாலிலை போடுறன்."

"அது ஆற்றை?"

"இரகசியம், ஐயா."

தலைவரின் காது சிவந்தது. இவ்வளவு பெரிய மனிதரை ஒரு கட்டுக் கடதாசி மடக்கிவிடுவதா? வாசல்வரை போனவளை மறித்தார்.

"நில் பிள்ளை! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமோ? வருத்தம் தொடங்கின திகதி எண்டு படிவத்திலை ஒரு இடம் கிடக்கு. அதிலை என்ன எழுதினவை? எங்கை, ஒவ்வொண்டாய் வாசி பாப்பம்!"

இராசேஸ்வரி மேலிருந்த படிவத்தைப் பார்த்தாள். அடுத்ததைப் புரட்டினாள்.

"ஒவ்வொண்டாய் வாசிக்கத் தேவையில்லை, ஐயா. எல்லாத்திலையும் 1969ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒன்பதாம் திகதி."