கிழிபட்ட துறைமுகம்

யாங்கோன் நகரின் பன்சோடான் தெருப் பழைய புத்தகக் கடையில், ஓர் ஓவியப் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்ததும் ஏசுரத்தினம் புரட்டுவதை நிறுத்தினார். ஸ்பெயின் நாட்டு நவீன ஓவியர் ஒருவர் தீட்டிய துறைமுகம். பாரிஸின் கியூபிசப் பாணியில் படகுகள் உடைந்து, ஒன்றின்மேல் ஒன்றாய்ச் சிதறிக் கிடந்தன.

இருபது வருடங்களுக்கு முன், சர்ச் ஓவியப் போட்டியில் பத்து வயது பிலோமினாவும் யாங்கோன் ஆற்றுப் படகுகளை இப்படித்தான் வரைந்திருந்தாள். நடுவராக இருந்த அவர், "இது படமா, கிறுக்கலா?" என்று எல்லோர் முன்னாலும் கிழித்துப் போட்டார். அதற்குப் பிறகு அவள் வரைவதே இல்லை என்று, தான் கியாக்தான் ஊருக்குக் குடிபோனபின் கேள்விப்பட்டார்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு பபேடான் பகுதியில் இருந்த அவள் வீட்டுக்குப் போனார். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தவள், அவர் கூப்பிட்ட குரலைக் கேட்டதும் எழுந்தாள்.

"ஏசுரத்தினம் அங்கிளா? உக்காருங்க."

"என்னை மன்னிச்சிரும்மா. உலகமே கொண்டாடுற பாணியில நீ அன்னைக்கே வரைஞ்சிருக்கே. எனக்குத்தான் புரியல."

புத்தகத்தை விரித்து அவள் கையில் கொடுத்தார்.

"பாணியெல்லாம் எனக்குத் தெரியாது அங்கிள். அப்ப ஒவ்வொரு படகும் எனக்கு நாலு நாலாத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சத வரைஞ்சேன்."

அவள் விரல்கள் வழவழப்பான பக்கத்தை மெல்லத் தடவின.

"அன்னைக்கே பெரியவங்க யாராவது கண் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லியிருந்தா, பார்வையைக் காப்பாத்தியிருக்கலாமாம். சொல்லுங்க அங்கிள், இதுல எத்தனை படகு இருக்கு?"