ரன்தொலையின் முதல் தங்கம்

"தங்கத்தக் கண்டுபுடிச்சது எங்க பாட்டன் வீரையா. போர்டுல அவரு பேருதான் மிஸ் மொதல்ல வரணும்."

ராஜலிங்கம் சொன்னது கண்டியிலிருந்து வந்திருந்த அதிகாரி ரபீகாவிடம். குத்தியது என்னவோ, ஊரே அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் தேநீர்க்கடை முதலாளி ஸெய்னுலாப்தீனை. இருவருக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணமும் இதே சண்டைதான்.

தெல்தோட்டைக்கு மேலே, பஸ் ஏறாத மலையில் இருக்கும் ரன்தொலையில் இப்போது ஒன்பது வீடுகளும் அந்தக் கடையும் மட்டுமே மிச்சம். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே தங்கச் சுரங்கம் இருந்தது. நானூறு பேர் இருந்தார்கள். இரண்டே வருஷத்தில் தங்கம் தீர்ந்தது, துரை சீமைக்குக் கப்பலேறினார், ஊரும் கலைந்தது. எஞ்சியது பெருமை ஒன்றுதான். அதைப் பங்கு பிரிக்கத்தான் யாராலும் முடியவில்லை.

ஆதாரம் இருந்தால் தங்கம் கண்டவர் பெயரோடு ஊருக்கு ஒரு பலகை வரும், பின்னாலேயே தார் ரோடும் வரும் என்று ரபீகா சொல்லியிருந்தார். அன்று மலையேறியதிலேயே தனக்கு முழங்கால் கழன்றுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

ராஜலிங்கம் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு வெள்ளிக் கடிகாரத்தை எடுத்துக் கடை மேசையில் வைத்தார். முதல் தங்கத்தைக் கண்டெடுத்த வீரையாவுக்கு என்று துரையே பெயர் வெட்டிக் கொடுத்தது. ரபீகா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

ஸெய்னுலாப்தீனுக்கு வயிறு எரிந்தது. கடிகாரம் ஓடி அறுபது வருஷமாகிறது, அதற்கா இவ்வளவு மரியாதை என்று முணுமுணுத்தபடி, கடைச் சுவரில் தொங்கிய சட்டத்தைக் கழற்றினார். புகை படிந்த கண்ணாடிக்குள்ளிருந்து கடதாசியை உருவினார். துரை தன் கைப்பட ஸெய்னுலாப்தீனின் பாட்டனார் ஹுஸைனுக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த நற்சான்றிதழ். மூன்று தலைமுறையாகப் பெருநாளுக்குப் பெருநாள் தூசி தட்டப்படுவது. அதில் என்ன இருக்கிறது என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. துரைமார் திட்டுவதற்காகவா மெனக்கெட்டுக் கடிதம் எழுதுவார்கள்?

"எங்கட வாப்பாட வாப்பா இல்லாட்டி இந்தச் சுரங்கமே இல்ல மகள். கொஞ்சம் சத்தமா வாசிங்க. சில பேருக்குக் காது மந்தம்."

ராஜலிங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு ப்ளேன்டீயை உறிஞ்சினார்.

ரபீகா முதல் வரியில் கனைத்தார். பிறகு தமிழில் சொல்லத் தொடங்கினார்.

"ஹுஸைன், நீ கண்டியில் வாங்கி அனுப்பிய பொன்தூள் கிடைத்தது. அதைத் துப்பாக்கித் தோட்டாவில் அடைத்து, சுரங்கப் பாறையில் பொன் ஒட்டி மினுங்கும்படி சுட்டுவிட்டேன். சீமையில் பங்கு வாங்குகிறவர்கள் நம்ப வேண்டுமானால் கூலியாள் எவனாவது அதைக் கண்டெடுக்க வேண்டும். அதற்கு வீரையா என்றொரு மடையனைப் பிடித்து வைத்திருக்கிறேன்."

அவர் நிமிர்வதற்குள் ஸெய்னுலாப்தீன் கடதாசியைப் பறித்து, நான்காக மடித்து, வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்திருந்தார்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு ராஜலிங்கம் அவரிடம் வாய் திறந்தார், தன் ப்ளேன்டீயை அவர் பக்கம் நகர்த்தியபடி: "தொண்டையில சிக்கிடாம முழுங்குங்க நானா."