உப்பு பார்க்க ஆளில்லை

ஓவனிலிருந்து முதல் தட்டு வெளியே வந்தபோது நோன்பு திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

பிஸ்கட்டாம். உருட்டவில்லை, பரத்தவில்லை, அச்சும் வைக்கவில்லை. மைதாவில் வெண்ணெயை உதிர்த்து, சீஸும் பூண்டும் துருவிப் போட்டு, மோர் ஊற்றிப் பிசைந்தும் பிசையாமலும் கலக்கி, கரண்டியால் தட்டில் அள்ளி அள்ளிப் போட்டாள் என் மருமகள் ஹிஸானா. கோணல்மாணலாக உப்பி வந்திருக்கிறது. ஆனால் வாசனை இருக்கிறதே, மட்டாஞ்சேரியில் பாதிப் பேருடைய நோன்பைச் சோதித்துவிடும்.

எனக்குக் கவலையெல்லாம் உப்பில்தான்.

போன வருஷமும் இதையேதான் செய்தாள். வெண்ணெயில் உப்பு, சீஸில் உப்பு, போதாததற்கு மாவிலும் ஒரு கரண்டி உப்பு. நோன்பு திறக்க வந்த ஆலுவா லாத்தா, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, ஒரு கடி கடித்துவிட்டு மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தாள். அதோடு விட்டாளா. நசீபாவின் மருமகள் கொச்சிக் காயலையே சுட்டு வைத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். இந்தப் பிள்ளை பெருநாள் வரைக்கும் அழுதது.

அதே லாத்தா இன்றைக்கும் வருகிறாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நேற்று போனில், நீங்கள் குறை சொன்ன பிள்ளை இந்த வருஷம் இருபத்தேழு நோன்பையும் விடாமல் பிடித்திருக்கிறாள் என்று பெருமையடித்துவிட்டேன்.

"ஒண்ணு கூட விடலையா?" என்று ரெண்டு தடவை கேட்டாள் லாத்தா. அப்புறம் திடீரென்று, நாளைக்கே வருகிறேன் என்றாள். பொறாமையில் குறை கண்டுபிடிக்க வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரமலான் மாசத்தில் எங்கள் வீட்டுக்கு உப்பு பார்ப்பது பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி சேச்சி. சாயங்காலம் மதிலுக்கு மேலே கிண்ணத்தை நீட்டுவேன். நாக்கில் வைத்துத் தலையாட்டினால் சரி, முகத்தைச் சுளித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும். இருபது வருஷ ஏற்பாடு. போன வருஷம் அன்றைக்குப் பார்த்து அவருக்குக் காய்ச்சல். இன்றைக்குப் பார்த்து தேவராவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கதவில் பூட்டு தொங்குகிறது.

நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் அஸ்ரத் சொல்கிறார். சொல்வார். சீஸும் பூண்டும் வெண்ணெயும் ஏறிய நாக்குக்குத் துப்ப மனசு வருமா.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவளோ காலையிலிருந்து ஒரே சிரிப்பு. பேங்க் வேலை என்று என் மகன் நிஹாலோடு ஸ்கூட்டரில் போய் வந்ததிலிருந்து இப்படித்தான். சிரித்துக்கொண்டே பூண்டு உரித்தாள். மைதா டப்பாவைக் கீழே போட்டுப் பூனையை வெள்ளையாக்கினாள், அதற்கும் சிரித்தாள். நிஹால் நாலு தடவை அடுக்களையை எட்டிப் பார்த்து இளித்துவிட்டுப் போனான். அது எனக்கும் தொற்றிக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இதற்குள் லாத்தா தோப்பும்படி தாண்டிவிட்டதாகப் போன் செய்துவிட்டாள்.

இந்தத் தடவையும் உப்பு கரித்தால் இந்தப் பிள்ளை தாங்க மாட்டாள். நானும் தாங்க மாட்டேன். தட்டைப் பார்த்தபடி நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹிஸானா என் முகத்தைப் பார்த்தாள். ஒரு பிஸ்கட்டை எடுத்து, ஊதி, பாதியைக் கடித்தாள். மென்றாள். விழுங்கினாள்.

ஓடிப்போய் அவள் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

"உப்பு சரியா இருக்கு மாமி," என்று சொல்லிவிட்டு, மீதிப் பாதியையும் போட்டுக்கொண்டாள்.

நோன்பை முறித்துவிட்டாயே என்று கத்தத்தான் வாயெடுத்தேன். அப்புறம், விலக்கு நாளாக இருக்கும் என்று அடங்கினேன். அந்த நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. மாசத்தில் ஐந்தோ ஆறோ விட்டுப்போகும், பெருநாள் கழிந்து பிடித்துக்கொள்வோம். இந்த வயசில் எந்தப் பெண்ணுக்கும் ரமலான் முழுசாகக் கிடைத்ததில்லை.

இவளுக்கு இருபத்தேழு கிடைத்திருக்கிறது.

எனக்கு அதெல்லாம் நின்று நாலு வருஷம் ஆகிவிட்டது. அப்படி ஒரு விஷயம் இருப்பதையே மறந்துபோய், போனில் வேறு பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கல்யாணமாகி ஐந்து வருஷம். விசேஷம் உண்டா என்று அவளிடம் யாரும் கேட்கக் கூடாது என்பது இந்த வீட்டில் நான் போட்ட சட்டம். லாத்தாவுக்கும் சேர்த்துத்தான். இப்போதும் நான் கேட்கவில்லை. அவளை வெறுமனே பார்த்தேன்.

வாய் நிறைய பிஸ்கட்டோடு தலையாட்டினாள், கமலாக்ஷி சேச்சி ஆட்டுகிற மாதிரியே. பிள்ளை உண்டானவள் நோன்பை விடலாம், காலையில் போன பேங்க் வேலையும் அதுதான்.

மாவுக் கரண்டியோடு அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன், சிரித்தேன், மறுபடி அழுதேன். ரெண்டாவது தட்டு ஓவனில் கருகிக்கொண்டிருந்தது. ரெண்டு பேரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. லாத்தா இறங்கி நேரே அடுக்களைக்கு வந்தாள். பிஸ்கட் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த துணிப்பையை ஹிஸானாவிடம் நீட்டினாள்.

பை நிறையப் பச்சை மாங்காய்.